கையெழுத்துப் போடாதவள்

"பெத்த அம்மா கையெழுத்தும் போட மாட்டேங்கறாங்க, எதிர்க்கவும் மாட்டேங்கறாங்க" என்றார் வக்கீல், ஃபைலை மூடிக்கொண்டே. "நமக்கு நல்லதுதாம்மா. எதிர்த்து ஒருத்தர் வந்து நின்னா வருஷக்கணக்கா இழுக்கும். இது தானாக் கனிஞ்சு விழற பழம்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏன் சார்?" என்றாள்.

"என்ன ஏன்?"

"பிள்ளை வேணும்னா எதிர்க்கணும். வேண்டாம்னா கையெழுத்துப் போடணும். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கறது எதுக்கு?"

"ஏன், எதுக்குன்னு ஆரம்பிச்சா எந்தக் கேஸும் முடியாதும்மா. கிடைக்கறதை வாங்கிட்டுப் போயிட்டே இருக்கணும்."

அவள் கணவர் அதற்குள் கதவுப்பிடியில் கை வைத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்த அறைக்குள் போனாலும் வெளியே வரும் வழியைத்தான் முதலில் பார்ப்பார். "வா போகலாம்" என்று கண்ணைக் காட்டினார். அவள் எழுந்தாள். ஆனால் அந்த 'ஏன்' கூடவே வந்தது, லென்ஸுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தூசி மாதிரி.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பதும், வந்தவர் முகத்தில் கண்ணாடி சரியாக நிற்கிறதா என்று பார்த்து வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்குத்தண்டு, அடுத்து காது, பிறகுதான் மற்றது.

பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பெயர் இருந்தது. வீட்டில் 'வாண்டு'. ஒன்றரை வயதில் இவர்கள் வீட்டுக்கு வந்தவள், இப்போது ஏழு. பெற்றவள் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்து, "சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள், தான் யார் என்பதையே சரியாகச் சொல்லத் தெரியாத நிலையில். அப்பா என்ற இடத்தில் எந்தக் காகிதத்திலும் யாரும் இல்லை. குழந்தை நலத்துறை பிள்ளையை இவர்களிடம் வளர்க்கக் கொடுத்தது. முதல் வருடம் பெற்றவள் அலுவலகத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். பிறகு விட்டு விட்டு வந்தாள். பிறகு வரவே இல்லை.

வளர்க்கக் கொடுத்த உத்தரவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். "லிஃப்ட் லைசென்ஸ் மாதிரி" என்பார் மெக்கானிக். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் புதுப்பிக்கும் மாதம் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் தத்து எடுத்துவிடுவோம் என்று மனுப் போட்டார்கள்.

மனுவுக்காக நலத்துறை அலுவலர் பெற்றவளைத் தேடிப் போய்ப் பார்த்தார். நேரில் மூன்று தடவை. அந்த அலுவலர் அம்மா எழுதிய அறிக்கையின் நகல் வக்கீலிடம் இருந்தது. பெற்றவள் இப்போது உடல் தேறி, ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கும் ஒரு லாண்டிரியில் வேலை செய்கிறாள். தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மூன்று தடவையும் டீ போட்டுக் கொடுத்தாள். பிள்ளைக்கு எந்தப் பல் விழுந்திருக்கிறது, சளி பிடிக்கிறதா, முடியை நீளமாக விட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். சம்மதப் பத்திரத்தை நீட்டியதும் பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அலுவலர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்று தடவையும் அதேதான்.

"பல்லைப் பத்திக் கேட்டிருக்கா" என்றாள் இவள் அன்று வீட்டில்.

"அதுக்கென்ன இப்போ?" என்றார் மெக்கானிக்.

"எனக்கும் அவகிட்டக் கேக்கறதுக்கு எவ்வளவோ இருக்கு."

உண்மைதான். வாண்டு இடது கையால் எழுதினாள். தூங்கும்போது தன் காது மடலைத் தானே பிடித்துக்கொண்டு தூங்கினாள். லிஃப்டில் ஏற மாட்டாள். ஊரிலுள்ள பாதி லிஃப்டை ஓட வைக்கிறவரின் மகள், ஆறாவது மாடியிலிருக்கும் வீட்டுக்குப் படியில்தான் ஏறுவாள். அப்பாவும் கருவிப் பையைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க, பின்னாலேயே ஏறுவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கை. இதெல்லாம் எங்கிருந்து வந்தது? விளங்காதது எது வந்தாலும், "அது அங்கேருந்து வந்தது" என்று இவள் பெற்றவள் பக்கம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி வக்கீல் கொடுத்தார். நான்காவது பத்தியில் அவள் விரல் நின்றது. 'மேற்படி தாய் எந்த நியாயமான காரணமும் இன்றி சம்மதம் தர மறுத்து வருகிறார்.'

"காரணம் இல்லைன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

"சொல்லலையேம்மா."

"சொல்லாததெல்லாம் இல்லாததா?"

வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனிதர், பொறுமையும் உண்டு. "இதோ பாருங்க. பெத்தவங்க சம்மதம் இல்லாமத் தத்துக் குடுக்கணும்னா சட்டத்துல ரெண்டு வழி. ஒண்ணு, அவங்க காரணம் இல்லாம மறுக்கறாங்கன்னு காட்டணும். இல்லேன்னா, பிள்ளையோட நன்மைக்கு இதை விட்டா வேற வழி இல்லைன்னு காட்டணும். நான் ரெண்டையும் போட்டிருக்கேன். ஒரு கால் ஒடிஞ்சாலும் இன்னொரு கால்ல கேஸ் நிக்கும். கையெழுத்துப் போடுங்க."

அவள் போட்டாள். போடும்போது, தான் எவ்வளவு சுலபமாகப் போடுகிறோம் என்று தோன்றியது.

"அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றார் வக்கீல், அவள் முகத்தைப் பார்த்து. "மிரட்டினாங்க, ஆசை காட்டினாங்கன்னு ஒரு வார்த்தை வந்தா எல்லாம் போச்சு."

சரி என்றாள். சரி என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் லாண்டிரிக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கண்ணாடிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது கடைப் பையனின் வேலை. அந்த வாரம் "நானே குடுத்துட்டு வரேன்" என்று அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

லாண்டிரியின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளேயிருந்து ஆவியும் சோப்பு வாசனையும் தெருவுக்கு வந்தன. இரண்டு பெண்கள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. விலகி நின்று உதறுவார்கள், கிட்டே வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள், மறுபடி விலகுவார்கள். இரண்டு பேரில் யார் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. இளையவளின் மூக்குத்தண்டு, கண்களுக்கு நடுவே தொடங்குகிற இடத்தில் சற்றுப் பள்ளமாக இருந்தது. குழந்தைகள் கண்ணாடி எதுவுமே நிற்காத மூக்கு. விளையாட்டுக்கு வாண்டுவுக்கு மாட்டிப் பார்க்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் வழுக்கி விழுமே, அதே மூக்கு. மடித்த துணியை அடுக்கில் வைத்து இடது கையால் ஒரு தட்டுத் தட்டினாள் அவள்.

கண்ணாடிக்காரி பேசவில்லை. பேசக்கூடாது என்பது நினைவிருந்தது. ஆனால் பெட்டியைப் பிடித்தபடி, வந்த வேலையை மறந்து, நின்றுகொண்டே இருந்தாள்.

விசாரணை சின்ன அறையில் நடந்தது. பிள்ளைகள் விஷயம் என்பதால் வெளியாட்கள் இல்லை. நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. மேசைமேல் ஃபிளாஸ்க்கும் மடித்த கைக்குட்டையும் இருந்தன. பெற்றவள் வருவாள் என்று வக்கீல் எதிர்பார்க்கவில்லை. வேலை உடுப்போடு வந்திருந்தாள். தனக்கென்று கோர்ட் நியமித்த வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "பேசறதுக்கு எனக்கு ரெண்டு வார்த்தைதான் இருக்கு" என்று.

நீதிபதி பிள்ளையின் பள்ளி, வீடு, உடல்நலம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவளிடம் திரும்பினார். "உங்களுக்குக் குழந்தை திரும்ப வேணுமாம்மா?"

"இல்லைங்க ஐயா."

"ஏன்?"

"அவளுக்கு என்னைப் பாத்தா யாருன்னே தெரியாதுங்க. திடீர்னு போய், வா என் கூடன்னா வருவாளா? வந்தாலும் ராத்திரி அழுவா. எனக்கு இன்னும் அப்பப்ப முடியாமப் போகுது. மாத்திரை சாப்பிடறேன்."

"அப்போ இவங்க தத்தெடுக்கறதுல உங்களுக்குச் சம்மதம்."

"இல்லைங்க."

நீதிபதி கைக்குட்டையைக் கீழே வைத்தார். அதுவரை கடமைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் முகத்தில் இப்போது ஓர் ஆவல் தெரிந்தது. "புரியலையே. வேணாம்னும் சொல்றீங்க, குடுக்கவும் மாட்டேங்கறீங்க. குடுக்கறதால உங்களுக்கு என்ன கஷ்டம்? அதைச் சொல்லுங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பெரியவளானா இந்தக் காகிதத்தையெல்லாம் அவ கேட்டு வாங்கிப் படிக்கலாமாம். நலத்துறை மேடம் சொன்னாங்க."

"ஆமா. சட்டத்துல இடம் இருக்கு."

"படிக்கும்போது அதுல என் கையெழுத்து இருக்கக் கூடாதுங்க. ஒரு தடவை, சாயங்காலம் வரேன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனேன். அது நோயில போனது. இது தெளிவா இருக்கும்போது போடறது. அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்னு அவ படிக்க வேணாம். நீங்க எடுத்துக் குடுங்க. கோர்ட்டு எடுத்துச்சுன்னு இருக்கட்டும்."

"நான் எடுத்துக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

அவள் யோசித்தாள். "ஒத்துக்கறேன்னு சொன்னா அதையும் எழுதிக்குவீங்க. அப்புறம் அது கையெழுத்து மாதிரித்தானே ஆயிடும்?"

நீதிபதி சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாற, ஃபிளாஸ்க்கைத் திறந்தார். வக்கீல் சந்தர்ப்பத்தை விடவில்லை. எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, குழந்தையைத் திரும்பக் கேட்கவும் இல்லை, இந்தக் குடும்பத்தின் மேல் குறையும் இல்லை. ஆகவே நியாயமான காரணம் இல்லாத மறுப்பு என்பது இதிலேயே தெளிவாகிறது."

அவர் கறுப்பு அங்கியை யாரோ பின்னால் இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரிதான்.

"சார், அந்த வரியை எடுத்துடுங்க."

"உக்காருங்கம்மா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன அங்கே?" என்றார் நீதிபதி.

அவள் எழுந்து நின்றாள். கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஓடுகிற லிஃப்டில் யாரோ கை விட்டதைப் பார்த்தவர் போலிருந்தது அவர் முகம். "ஐயா, காரணம் இல்லைன்னு நாங்க எழுதிக் குடுத்திருக்கோம். அது தப்புங்க. இப்பத்தானே சொன்னாங்க காரணத்தை. அவங்க இடத்துல நான் இருந்தா நானும் போட மாட்டேன்."

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயே என்று அவர் முதுகே சொன்னது.

"அவங்க மறுக்கறது நியாயம்னா, உங்க மனுவை நான் தள்ளிடலாமா?" என்றார் நீதிபதி.

"வேணாங்க. எனக்கு என் பிள்ளை வேணும்."

"ரெண்டையும் சொல்றீங்களே."

"ரெண்டும் நிஜம்தானுங்க."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து என்றார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீல் திட்டவில்லை. "ஒரு காலை நீங்களே ஒடிச்சுட்டீங்க, இன்னொரு கால் பலமா இருக்கான்னு பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார். மெக்கானிக் தண்ணீர் குடிக்கப் போனார். பெஞ்சின் மறுமுனையில் பெற்றவள் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஷட்டர்கிட்ட நின்னது நீங்கதானே அக்கா?" என்றாள் நிமிராமலே.

கண்ணாடிக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"பெட்ஷீட் மடிக்கறதை அவ்வளவு நேரம் யாரு பாப்பாங்க?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கொஞ்சம் இடம் கிடைத்தது. கண்ணாடிக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். விசாரணை முடிந்துவிட்டது, இனிமேல் கேட்டால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தாள். "காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறா. தன் காதைத் தானே."

பெற்றவளின் கை செருப்பிலேயே நின்றது. "என் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா" என்றாள். "குழந்தையிலயே. விரலை எடுத்து விட்டா முழிச்சுக்குவா." அப்புறம், "நான் இல்லேன்னதும் தன் காதுக்குப் போயிருக்கா போல" என்றாள்.

கண்ணாடிக்காரிக்கு, இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தும், அந்தச் சின்னக் கை தன் காதுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு பொறாமை எழுந்து, எழுந்த வேகத்திலேயே வெட்கமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். "லிஃப்ட்டுன்னா பயம். சின்னதுல எங்கயாவது மாட்டிக்கிட்டாளா?"

"லிஃப்ட்டா? எங்க வீடு தரையிலதான் இருந்துச்சு. லிஃப்ட்டை அவ பாத்ததே இல்லை."

"அப்போ எங்கேருந்து வந்துச்சு அது?"

"உங்க வீட்டுலேருந்துதான் வந்திருக்கணும்" என்றாள் பெற்றவள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளும் உண்மையாகவே யோசித்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடிக்காரி இதைக் கணவரிடம் சொன்னாள். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவர் மெல்ல வாயைத் திறந்தார். "வேலையில நடக்கறதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவேன்ல. கயிறு அறுந்துச்சு, நடுவுல நின்னுச்சு, ஆளை மேல வழியா இழுத்தோம்னு. அவ தட்டைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறா, காதுல விழலைன்னு நினைச்சேன்." அவள் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கேயிருந்து வந்தது என்று ஒதுக்கி வைத்ததில் இன்னும் எதெதெல்லாம் இங்கேயிருந்து வந்ததோ என்று அவள் மனது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது.

அந்த இரண்டு வாரமும் மெக்கானிக் சரியாகத் தூங்கவில்லை. "வாயை வெச்சுக்கிட்டு நீ சும்மா இருந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் "ஆமா" என்றாள். பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்த வரி தன் பெயரில் இருந்து, அதை வாண்டு என்றாவது படிப்பாள் என்று நினைத்தால், அதைவிட இந்தப் பயம் பரவாயில்லை போலிருந்தது.

தீர்ப்பு நாளில் நீதிபதியின் சளி குறைந்திருந்தது. சட்டத் தமிழை நடுநடுவே நிறுத்தி, எல்லோருக்கும் விளங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் படித்தார். தாய் சம்மதம் தரவில்லை. காரணம் இல்லாமல் மறுத்தார் என்று இந்த நீதிமன்றம் கருதவில்லை. அவர் சொன்ன காரணம் மதிக்கத்தக்கது. ஆயினும் குழந்தை தன் வீடு என்று அறிந்த ஒரே வீடு மனுதாரர்களுடையது. ஒவ்வொரு வருடமும் அந்த வீடு கேள்விக்குரியதாக இருப்பது அவளுக்கு நல்லதல்ல. ஆகவே தாயின் சம்மதம் இல்லாமலே, இந்த நீதிமன்றம் தன் பொறுப்பில் தத்துக்கு உத்தரவிடுகிறது.

'தன் பொறுப்பில்' என்பதை அவர் இரண்டாம் தடவை படித்தார். கோர்ட் ஊழியர் தவறு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். தவறில்லை.

பெற்றவள் பின்வரிசையில் நின்றாள். அழவில்லை. உத்தரவின் நகல் தனக்கும் கிடைக்குமா என்று கேட்டாள். குழந்தையைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டதற்கு, "அவளா கேட்டா வரேங்க. நானா வர மாட்டேன்" என்றாள். கண்ணாடிக்காரியிடம் தன் போன் நம்பரைச் சொல்லிவிட்டு, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்து போய்விட்டாள். மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்று முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வக்கீல் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "ஒத்தைக் கால்லயே நின்னுடுச்சு பாருங்க" என்றார்.

வாண்டுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். வேறொரு அம்மா வயிற்றிலிருந்து வந்தாய் என்பது அவளுக்கு முன்பே தெரியும். இப்போது, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதையும், கோர்ட்டில் என்ன நடந்தது என்பதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் ஓவியப் பென்சில்களைச் சீவிக்கொண்டிருக்கும்போது சொன்னாள் கண்ணாடிக்காரி. அழுவாள், கோபப்படுவாள், ஏன் விட்டுட்டுப் போனாங்க என்று கேட்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தாள்.

வாண்டு பென்சில் சீவலை ஊதினாள். "அவங்க வீட்டுல வேற யாரு இருக்காங்க?" என்றாள்.

"தெரியலையே."

"நீ கேக்கலையா?"

கேட்கவில்லை. காதைப் பற்றிக் கேட்டாள், லிஃப்டைப் பற்றிக் கேட்டாள், எல்லாம் பிள்ளையைப் பற்றியே கேட்டாள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் குரல் வந்தது.

"நாந்தான். ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க. உங்க வீட்டுல கூட யாரு இருக்காங்கன்னு கேக்கறா."

அந்தப் பக்கம் எங்கோ வாளியில் தண்ணீர் நிரம்பும் ஓசை கேட்டது. "யாருமில்லைன்னு சொல்லுங்க அக்கா" என்றாள் பெற்றவள். பிறகு அவசரமாக, "இல்லை, பூனை ஒண்ணு இருக்கு. பூனை இருக்குன்னு சொல்லுங்க."

கண்ணாடிக்காரி போனைக் காதிலிருந்து விலக்கிச் சொன்னாள்.

"என்ன கலர்?" என்றாள் வாண்டு, பென்சில் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.